பதினைந்து நாளில் முடியும் கணக்கு. மூன்றாம் மாதத்தில் தொடங்கும் மூச்சிரைப்பு

புது தில்லி: இருமலில் ரத்தம் வந்தால் இந்தியாவில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அதில் தவறும் இல்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது கிராமச் சுகாதாரப் பணியாளர் வரை பழகிப்போன பாடம். ஆனால், அந்த இருமலுக்குச் சில மாதங்களுக்கு முன் அதே நோயாளிக்கு இதயத்தில் ஒரு சிகிச்சை நடந்திருந்தால், கேட்க வேண்டிய கேள்வியே வேறு. நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகள் சுருங்கிவிட்டனவா என்பதே அந்தக் கேள்வி. அதை யார் கேட்பது, எப்போது கேட்பது, அதற்கான பரிசோதனைச் செலவு யாருடையது என்பவற்றுக்கு நாட்டின் மருத்துவக் காப்பீட்டு விதிகளிலும் கருவிகள் தொடர்பான சட்டத்திலும் இடமே இல்லை.

உத்தரப் பிரதேசத்திலிருந்தோ பிகாரிலிருந்தோ ரயிலேறி வந்து, தலைநகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் துடிப்புக் கோளாறுக்குச் சிகிச்சை பெற்று, இரண்டொரு நாளில் ஊர் திரும்பும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். படபடப்பு நின்றுவிட்டது, குடும்பமே நிம்மதி அடைகிறது. மூன்றாம் மாதம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல், பிறகு ஒரு நாள் கைக்குட்டையில் சிவப்பு. அவர் போவது தில்லிக்கு அல்ல, உள்ளூர் மருத்துவரிடம். அந்த மருத்துவர் பார்ப்பது இதயத்தை அல்ல, நெஞ்சு எக்ஸ்ரேயை. அதில் ஒரு பக்கம் நிழல் தெரிகிறது. அடுத்து என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய மருத்துவ அறிவு தேவையில்லை.

நான்கு குழாய்கள்: நுரையீரலில் சுத்தமடைந்த ரத்தத்தை இதயத்தின் இடது மேலறைக்குக் கொண்டுவருபவை நுரையீரல் சிரைகள். பெரும்பாலோருக்கு இவை நான்கு. வலப்புறம் இரண்டு, இடப்புறம் இரண்டு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றிப் படபடவென நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு எங்கே பிறக்கிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர் மிஷேல் ஹைசாகேர் குழுவினர் 1998-இல் அந்தப் புதிரை அவிழ்த்தனர். 45 நோயாளிகளிடம் கோளாறைத் தூண்டிய 69 மையங்களைக் கண்டறிந்தபோது, அவற்றில் 94 சதவீதம் இந்தச் சிரைகளுக்குள் இருந்தது தெரியவந்தது. தவறான மின்தூண்டுதல் புறப்படும் இடம் தெரிந்துவிட்டால் அதைச் சுட்டுவிடலாம் அல்லவா? தொடையின் ரத்தக் குழாய் வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, ரேடியோ அலை வெப்பத்தால் அந்த இடத்தைச் சுடும் அப்லேஷன் சிகிச்சை உலகெங்கும் பரவியது இப்படித்தான்.

சுட்ட புண் ஆறும்போது தோல் சுருங்குவதை அடுப்படியில் கை சுட்டுக்கொண்டவர்கள் அறிவர். சிரைக்குள் நடப்பதும் அதுவே. வெப்பம் பட்ட சுவர் தடித்து, வடுவாகி, வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் உட்புறமாக இறுகுகிறது. போர்தோ ஆய்வு வெளியான அதே 1998-லேயே இத்தகைய அடைப்பு பற்றிய முதல் எச்சரிக்கையும் மருத்துவ இதழில் வெளிவந்துவிட்டது. தீர்வும் தீங்கும் ஒரே ஆண்டில் அறிவிக்கப்பட்டன. புகழ் பெற்றது ஒன்று மட்டும்.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வரலாற்றில் முக்கியமானது. சிகிச்சை பெற்ற 335 பேரை அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த இடைவெளிகளில் சி.டி. ஸ்கேனுக்கு உட்படுத்தியபோது, 18 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஐந்து பேருக்கு, கடுமையான சுருக்கம் இருந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு எந்தத் தொல்லையுமே இல்லை. தொல்லை இருந்தவர்களில் சிலருக்கு நிமோனியா என்றும், நுரையீரல் புற்றுநோய் என்றும், நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி என்றும் முதலில் முடிவு கட்டப்பட்டிருந்தது. தேடிச் சென்றதால்தான் உண்மை புலப்பட்டது.

அதன் பிறகு மருத்துவர்கள் முறையை மாற்றிக்கொண்டனர். சிரைக்குள்ளே சுடுவதை விட்டு, அது மேலறையில் வந்து சேரும் வாய்க்கு வெளியே வட்டமாகச் சுடத் தொடங்கினர். வெப்பத்தின் அளவும் குறைந்தது. இன்று கடுமையான சுருக்கம் அரிது. தேர்ந்த மையங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதே பொதுவான கணிப்பு. ஆனால், அரிதானது என்ற அந்தச் சொல்லே ஒரு வலையாகவும் ஆகிவிட்டது. அரிது என்பதால் எவரும் தேடுவதில்லை. தேடாததால் கண்ணில் படுவதும் இல்லை.

நிமோனியா, புற்றுநோய், காசநோய்: இந்த நோயின் தந்திரம் அதன் பொறுமையில் இருக்கிறது. ஒரு சிரை மட்டும் சுருங்கினால் மற்றவை அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நோயாளி எதையும் உணர்வதில்லை. ஒரே பக்கத்தின் இரு சிரைகளும் இறுகும்போதுதான் ரத்தம் வடிய வழியின்றி அந்தப் பக்க நுரையீரலில் தேங்குகிறது. மூச்சிரைப்பு, இருமல், அசதி, நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் எல்லாம் அதன் விளைவு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் கடுமையான சுருக்கம் கொண்ட 124 பேரில் 67 சதவீதத்தினருக்கு மூச்சிரைப்பும், 45 சதவீதத்தினருக்கு இருமலும், 27 சதவீதத்தினருக்கு இருமலில் ரத்தமும் இருந்தன. இவற்றில் எந்த ஒன்றும் இந்த நோய்க்கு மட்டுமே உரியது அல்ல. காசநோய் மலிந்த நாட்டில் இவை ஒவ்வொன்றும் காசநோயை நோக்கிக் கை காட்டுபவை. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்கள் இன்னும் ஏராளமாக உள்ள நாட்டில், அந்த நோய்க்கும் இதே மூச்சிரைப்பு, இதே ரத்தம்.

சிகிச்சைக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் படபடப்போ அசதியோ ஏற்பட்டால் அதைத் தோல்வியாகக் கருத வேண்டாம், இதயம் ஆறும் காலம் அது என்று நோயாளிகளிடம் சொல்வது வழக்கம். துடிப்பைப் பொருத்தவரை அது சரியே. 2024-இல் வெளியான சர்வதேச நிபுணர்களின் கூட்டறிக்கை இந்தக் காலத்தை இரண்டு மாதங்களாகக் குறைத்தது. ஆனால், துடிப்புக்காகச் சொல்லப்பட்ட ஆறுதலை நோயாளி மூச்சிரைப்புக்கும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார். சுருக்கம் தலைகாட்டும் காலமும் அதையொட்டியே தொடங்குகிறது.

ஸ்கேன் எடுத்தும் தப்புவது: கண்டறியும் கருவிகள் இல்லாமல் இல்லை. மார்பின் மேல் வைத்துப் பார்க்கும் வழக்கமான எக்கோ பரிசோதனை பெரும்பாலும் உதவாது. இதயத்தின் பின்புறம் உள்ள இந்தச் சிரைகள் அதற்கு எட்டுவதில்லை. உணவுக்குழாய் வழியே செய்யும் எக்கோவில், குறுகிய வாயில் ரத்தம் பீறிட்டு வேகமெடுப்பதைக் காணலாம். ஆனால், கீழ்ச் சிரைகள் அதிலும் எப்போதும் சரியாக அகப்படுவதில்லை. நம்பத்தக்கவை மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமும் எம்.ஆர்.ஐ.யும். குறுக்களவு 50 சதவீதத்துக்குள் குறைந்திருந்தால் லேசானது, 70 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் கடுமையானது என்று வகுத்திருக்கிறார்கள். நுரையீரலின் எந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்பதை அணுக்கதிர் ஸ்கேன் காட்டும். அடைப்பு படத்தில் மட்டும்தானா, உடலையும் பாதித்திருக்கிறதா என்பதை முடிவு செய்ய அது தேவை.

சிக்கல் இதற்குப் பிறகுதான். மருந்து செலுத்தாத சாதாரண சி.டி. ஸ்கேனில் நுரையீரல் நிழல் தெரியும். சிரையின் வாய் தெரியாது. ரத்தக்கட்டியைச் சந்தேகித்து எடுக்கும் ஸ்கேனிலோ, செலுத்திய மருந்து தமனிகளில் நிறைந்திருக்கும் நொடியில் படம் பிடிக்கப்படுகிறது. மருந்து சிரைகளை நன்கு நிறைக்கும் முன்பே படம் முடிந்துவிடலாம். இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. இடப்புறக் கீழ்ச் சிரை இயல்பாகவே மேலறைக்கும் பெருந்தமனிக்கும் இடையே நசுங்கினாற்போல் இருக்கும். அதைச் சுருக்கம் என்று தவறாகக் கருதவும் வாய்ப்பு இருக்கிறது. சிகிச்சைக்கு முன் எடுத்த படம் கையில் இருந்தால் ஒப்பிட்டு ஒரு நிமிடத்தில் தீர்க்கலாம். அது தில்லி மருத்துவமனையின் கணினியில் இருக்கிறது. நோயாளியோ ஊரில் இருக்கிறார். "இவருக்கு அப்லேஷன் நடந்திருக்கிறது, சிரைகளைப் பார்க்கவும்" என்று ஸ்கேன் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் படம் எடுப்பவர் நொடிக் கணக்கை மாற்றியிருப்பார். அந்த ஒரு வரிக்குத்தான் நாட்டில் பஞ்சம்.

இவ்வளவு சிரமப்படுவதைவிட எல்லோருக்கும் மூன்றாம் மாதத்தில் ஸ்கேன் எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அறிகுறி இல்லாதவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கச் சர்வதேச வழிகாட்டுதல்கள் வலியுறுத்தவில்லை. செலவு, கதிர்வீச்சு, சிறுநீரகத்துக்கு மருந்தால் வரும் சுமை ஆகியவை காரணங்கள். புதிதாக இந்தச் சிகிச்சையைத் தொடங்கும் மையங்கள் தங்கள் தரத்தைச் சோதித்துக்கொள்ள ஸ்கேன் எடுக்கலாம் என்ற கருத்து மட்டும் உண்டு. நோயாளி மூச்சு முட்டிய அன்றே சிகிச்சை மையத்தைத் தொலைபேசியில் அழைத்துவிடும் நாடுகளுக்கு அந்த ஏற்பாடு போதுமானதாக இருக்கலாம்.

மாத்திரைகளின் மோதல்: காசநோய் என்று தவறாகக் கருதினால் என்ன நஷ்டம், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் போயிற்று என்று எண்ணுவதற்கும் இடமில்லை. அப்லேஷன் முடிந்தவர்கள் குறைந்தது இரண்டு மாதங்களும், பக்கவாத அபாயம் உள்ளவர்கள் அதற்குப் பின்னரும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிட வேண்டியவர்கள். வார்ஃபாரின் ஆனாலும், அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகள் ஆனாலும், காசநோய் சிகிச்சையின் முதுகெலும்பான ரிஃபாம்பிசின் அவற்றைக் கல்லீரலில் வேகமாகச் சிதைத்து வலுவிழக்கச் செய்துவிடும். இல்லாத காசநோய்க்குத் தரும் மருந்து, இருக்கும் பக்கவாத அபாயத்துக்குப் போட்ட வேலியைப் பிடுங்கிவிடுகிறது. மறுபுறம், ரத்தம் வருவது இந்த மருந்தால்தான் என்று எண்ணி அதை நிறுத்திவிடுவதும் நடக்கக்கூடியது. இரண்டிலும் இழப்பு நோயாளிக்கே. சிரையோ அதற்குள் மேலும் இறுகியிருக்கும்.

காசநோயைப் பொருத்தவரை அரசின் கண்காணிப்பு ஏற்பாடு விரிவானது. 2012 முதல் தனியார் மருத்துவர்களும் ஒவ்வொரு காசநோயாளியையும் அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். 2025-க்குள் நோயை ஒழிப்பது என்று 2018 மார்ச்சில் தில்லி மாநாட்டில் இலக்கு அறிவிக்கப்பட்ட பின் அந்தக் கணக்கெடுப்பு இன்னும் தீவிரமானது. சளியில் கிருமி தென்படாவிட்டாலும், அறிகுறிகளையும் எக்ஸ்ரேயையும் கொண்டு காசநோய் என்று முடிவு செய்ய மருத்துவருக்கு அனுமதி உண்டு. ஆகவே, சிரை சுருங்கிய ஒருவர் காசநோயாளி என்று தவறாகக் கருதப்பட்டால் அந்தத் தவறு அரசின் பதிவேட்டில் ஏறிவிடும். அவருக்கு உண்மையில் இருக்கும் நோயை ஏற்றிக்கொள்ளும் பதிவேடுதான் இல்லை.

15 நாள் கணக்கு: ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை அளிக்கும் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் 2018 செப்டம்பர் 23-இல் தொடங்கியது. ரேடியோ அலை அப்லேஷன் அதன் சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமானம் பாராமல், திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. துடிப்புக் கோளாறு வயதோடு பெருகும் நோய் என்பதால் இந்தச் சிகிச்சை பெறுவோர் தொகையும் பெருகும் என்று எதிர்பார்க்கலாம், வரவேற்க வேண்டியதே.

ஆனால், மருத்துவமனையை விட்டு வெளியேறிய பின் 15 நாள்கள் வரையிலான செலவுகளுக்கே இத்திட்டத்தில் இடம் உண்டு. அதற்குப் பின் புறநோயாளியாகச் சென்று எடுக்கும் பரிசோதனைகள் இதில் அடங்கா. பரிசோதனைக்காக மட்டும் உள்நோயாளியாகச் சேர்வதும் ஏற்கப்படுவதில்லை. அப்லேஷனுக்கு அரசு பணம் தருகிறது. அந்த அப்லேஷனால் மூன்றாம் மாதம் விளைந்த சுருக்கத்தைக் கண்டறியும் சி.டி. ஆஞ்சியோகிராமுக்கு நோயாளி தன் பையிலிருந்து தர வேண்டும். சுருக்கம் உறுதியாகி, ஸ்டென்ட் வைக்க மருத்துவமனையில் சேர்ந்த பிறகே திட்டத்தின் கதவு மறுபடி திறக்க வழி பிறக்கும். உறுதி செய்வதற்கான ஸ்கேனை எடுக்க முடியாதவருக்கு அந்தக் கதவு திறந்திருந்து என்ன, மூடியிருந்து என்ன?

'எதிர்பாராத' என்ற ஒரு சொல்: கருவிகள் தொடர்பான சட்டமும் ஏறத்தாழ இதே இடத்தில் நின்றுவிடுகிறது. கதீட்டர்கள் 2005-லேயே மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டவை. 2017-இல் வகுக்கப்பட்டு 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருவிகள் விதிகளின்படி, உரிமம் பெற்ற நிறுவனம் சந்தேகத்துக்குரிய, எதிர்பாராத, கடுமையான பாதிப்பு எதுவும் தன் கவனத்துக்கு வந்த 15 நாள்களுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். நுரையீரல் சிரை சுருங்குவது 1998 முதல் பாடப்புத்தகத்தில் உள்ள, எதிர்பார்க்கப்பட்ட பாதிப்பு. எனவே, எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும் இந்த விதியின் சொற்களுக்குள் அது எளிதில் வராது. 2015-இல் தொடங்கிய கருவிப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தில் மருத்துவர்களும் நோயாளிகளும் புகார் செய்யலாம். செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காசநோய் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் எந்தக் கருவியைப் பற்றி, யாரிடம் புகார் செய்வார்?

நாடாளுமன்றம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. உலக அளவில் 2010-இல் திரும்பப் பெறப்பட்ட செயற்கை இடுப்பு மூட்டு ஒன்று இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது; அவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே பல ஆண்டுகள் கழித்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அவலத்துக்குப் பின், சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2022 செப்டம்பரில் அளித்த 138-ஆவது அறிக்கையில், உடலுக்குள் பொருத்தப்படும் கருவிகளுக்குப் பதிவேடு வேண்டும், நோயாளிகளைத் தேடிப் பிடிக்க வழி வேண்டும் என்று பரிந்துரைத்தது. மருந்துகள், மருத்துவக் கருவிகள், அழகு சாதனங்கள் ஆகியவற்றுக்கான புதிய மசோதா 2023 மழைக்காலக் கூட்டத்தொடரின் அலுவல் பட்டியலில் இடம்பெற்றது; அந்தத் தொடரில் அவைக்கு வரவில்லை.

வந்திருந்தாலும், நிலைக்குழு கேட்டபடி பதிவேடு பிறந்திருந்தாலும், அப்லேஷன் நோயாளி அதில் இடம்பெற்றிருக்க மாட்டார் என்பதுதான் விநோதம். இடுப்பு மூட்டு உடலுக்குள் தங்குகிறது. அதற்கு ஓர் எண் உண்டு. கதீட்டர் வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடுகிறது. அது விட்டுச் செல்வது வடு மட்டுமே. வடுவுக்கு எண் கிடையாது.

பதிவேடு வைத்திருக்கும் நாடுகளிலும் இந்த ஓட்டை முழுதாக அடைபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க இதயநல மருத்துவர் அமைப்பு 2016 முதல் அப்லேஷனுக்கென்றே பதிவேடு நடத்துகிறது. 2020 வரை அதில் சேர்ந்த 76,219 பேரின் விவரம் ஆராயப்பட்டபோது 2.5 சதவீதத்தினருக்குப் பக்கவிளைவுகள் பதிவாகியிருந்தன. ஆனால், அது மருத்துவமனையில் இருந்த நாள்களுக்குள் நடந்தவற்றின் கணக்கு. மூன்றாம் மாதத்தில் தலைகாட்டும் சுருக்கம் அந்தக் கணக்கில் எப்படி வரும்? வாசலோடு முடியும் எந்தப் பதிவேட்டுக்கும் இந்த நோய் கண்ணில் படாது.

புதிய நுட்பம் ஒன்று இந்தக் கவலையைப் பெருமளவு குறைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. வெப்பத்துக்குப் பதிலாக நொடியின் மிகச் சிறு பகுதியில் பாயும் மின்புலத் துடிப்புகளால் திசுவைச் செயலிழக்கச் செய்யும் முறை அது. அமெரிக்காவில் 2023-இல் முடிவு வெளியான 607 பேரைக் கொண்ட ஆய்வில், வெப்பம் அல்லது குளிரூட்டும் பலூன் மூலம் சிகிச்சை பெற்றவர்களின் சிரைகளின் குறுக்குப் பரப்பு சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. மின்புல முறையில் 0.9 சதவீதம் மட்டுமே. அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இவ்வகைக் கருவிகளுக்கு அனுமதி தந்தது. இந்தியாவின் பெருநகர மருத்துவமனைகள் சிலவற்றுக்கும் இம்முறை வந்துவிட்டது. ஆயினும் அது விலை உயர்ந்தது. வெப்ப முறையில் ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள், இனியும் பெறுவார்கள்.

அவர்களுக்குத் தேவைப்படுவது பெரிய சட்டம்கூட அல்ல. டிஸ்சார்ஜ் சம்மரியில், நோயாளியின் தாய்மொழியில், "ஓராண்டுக்குள் மூச்சிரைப்போ இருமலோ இருமலில் ரத்தமோ வந்தால் இந்தத் தாளை மருத்துவரிடம் காட்டவும்" என்ற ஒரு வாசகம். சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேன் படத்தின் பிரதி ஒன்று கையில். காப்பீட்டுத் திட்டத்தில், அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டுமாவது, இந்த ஒரு பரிசோதனைக்கு 15 நாள் வரம்பிலிருந்து விலக்கு. 2021 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் 14 இலக்க எண்ணோடு சிகிச்சை விவரத்தை இணைத்துவிட்டால், நோயாளியின் ஒப்புதலுடன் ஊர் மருத்துவரும் அதைப் பார்க்க முடியும். அந்த எண் கோடிக்கணக்கானோரிடம் இருக்கிறது. அதன் பின்னே மருத்துவமனை எதை ஏற்றிவைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

காலம் இங்கே முக்கியம். சுருங்கிய சிரையைப் பலூனால் விரிக்கலாம், ஸ்டென்ட் வைக்கலாம். விரித்தவையும் மீண்டும் சுருங்குகின்றன. மேயோ கிளினிக் அனுபவத்தில் பலூனால் மட்டும் விரித்தவற்றில் பாதிக்கு மேல் மறுபடி அடைத்துக்கொண்டன. ஸ்டென்ட் வைத்தவற்றில் ஏறத்தாழ கால் பங்கு. இவை திறந்திருந்தபோது கண்டறியப்பட்ட சிரைகளின் கணக்கு. முற்றிலும் மூடிக்கொண்ட சிரைக்குள் கம்பியைச் செலுத்துவதே பல நேரங்களில் இயலாத காரியம். அந்தச் சிரையை நம்பியிருந்த நுரையீரல் பகுதி மெல்லச் செயலிழக்கும். காசநோய் மாத்திரைகளின் முழுச் சுற்று முடிய ஆறு மாதங்கள் ஆகும்.